கொல்லிமலை ஏறி இறங்கும் காரின் அலாய் வீல்: பழுப்புத் தூளுக்கு எதைப் போட்டுக் கழுவுவது?

கொல்லிமலை_வாத்தியார்:

வணக்கம் நண்பர்களே. வீடு நாமக்கல்லில், வேலை செம்மேட்டுப் பக்கம் ஒரு பள்ளியில். வாரத்துக்கு இரண்டு தடவையாவது கொல்லிமலை ஏறி இறங்குகிறேன். இறங்கும்போது 70 கொண்டை ஊசி வளைவுகள். பிரேக்குக்கு எவ்வளவு வேலை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கார் 2021இல் வாங்கிய பெட்ரோல் ஹேட்ச்பேக். 16 அங்குல டைமண்ட் கட் அலாய் வீல். முகப்பு வெள்ளியாகப் பளபளக்கும், பள்ளமான இடமெல்லாம் கருப்பு. கடன் முடிந்து ஆறு மாதம்தான் ஆகிறது, அதனால் வண்டி மேல் எனக்குக் கொஞ்சம் கூடுதல் பாசம் உண்டு.

பிரச்சினை இதுதான். முன் சக்கரம் இரண்டும் பத்து நாளில் பழுப்பேறிவிடுகின்றன. விரலால் தொட்டால் கரி ஒட்டுகிறது. ஷாம்பூ போட்டுக் கழுவினால் மேல் தூள் போகிறது. ஆனால் நட்டுகளைச் சுற்றியும் ஸ்போக் மூலைகளிலும் சின்னச் சின்ன ஆரஞ்சுப் புள்ளிகள் அப்படியே நிற்கின்றன. தடவிப் பார்த்தால் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. பின் சக்கரங்களில் இவ்வளவு இல்லை. முன் பிரேக்கில் ஏதாவது கோளாறு இருக்குமோ என்ற பயமும் இருக்கிறது.

பொங்கலுக்கு முன்னால் ஒரு வாட்டர் சர்வீஸில் விட்டேன். அங்கே வேலை செய்த பையன் ஒரு வெள்ளைக் கேனிலிருந்து எதையோ பிரஷில் தொட்டு ரிம் முழுக்கப் பூசினான். லேசாகப் புகை வந்தது, பக்கத்தில் நின்ற எனக்கே மூக்கு எரிந்தது. கழுவியதும் ஷோரூமிலிருந்து இறக்கியது போல் இருந்தது. சந்தோஷமாகப் பணம் கொடுத்துவிட்டு வந்தேன். இப்போது மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் நான்கு ரிம்மிலும் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. ஒரு ரிம்மில் கோடு கோடாகவும் இருக்கிறது.

அம்மா புளி போட்டுத் தேய்க்கச் சொல்கிறார், பூஜைப் பாத்திரம் எல்லாம் அதில்தானே பளிச்சென்று ஆகிறது என்கிறார். உதிரிப்பாகக் கடையில் மூன்று பாட்டில் காட்டினார்கள். ஒன்று ஆசிட் இல்லாதது, இரும்புத் தூள் பட்டால் நிறம் மாறும் என்றார்கள், 500 மில்லி 650 ரூபாய். இன்னொன்று 180 ரூபாய், என்ன இருக்கிறது என்று லேபிளில் ஒன்றுமே இல்லை. மூன்றாவது எல்லாவற்றுக்கும் ஒரே கிளீனர் என்றார்கள். எதை வாங்குவது? வெள்ளைத் திட்டு போகுமா?

---

பட்டறைக்காரர்_கோவை:

வாத்தியார் சார், முதலில் உங்கள் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். பின் சக்கரம் சுத்தமாக இருப்பது கோளாறு இல்லை. இந்த அளவு வண்டிகளில் பெரும்பாலும் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். டிஸ்க் திறந்து கிடப்பதால் தேயும் தூளெல்லாம் ரிம் மேல் வந்து விழும். டிரம்மில் தேய்வது உள்ளேயே தங்கிவிடும். அதோடு, பிரேக் பிடித்தால் வண்டியின் எடை முன்பக்கம் சாய்கிறது. வேலையில் பெரும்பங்கை முன் பிரேக்தான் செய்கிறது. மலை இறக்கத்தில் இன்னும் அதிகம்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். முன் சக்கரம் இரண்டும் ஒரே அளவு அழுக்காகின்றனவா? ஒரு பக்கம் மட்டும் இரண்டு மடங்கு பழுப்பு, கீழே இறங்கியதும் அந்தப் பக்க ரிம் மட்டும் கொதிக்கிறது என்றால் காலிப்பர், அதாவது டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம், இறுகிப் பிடித்துக்கொண்டிருக்கலாம். அதை மெக்கானிக்கிடம் காட்டாமல் கழுவிக்கொண்டே இருக்கக் கூடாது.

சரி, அந்த ஆரஞ்சுப் புள்ளி. டிஸ்க் வார்ப்பிரும்பு. பிரேக் பிடித்தால் அதை அழுத்தும் பேட் உரசும்போது பேடும் தேயும், டிஸ்க்கும் தேயும். சூட்டோடு பறக்கிற இரும்புத் துகள் ரிம்மின் மேல் இருக்கும் நிறமில்லாத பூச்சில், அதாவது கிளியர் கோட்டில், போய்ப் பதிந்துகொள்கிறது. அப்புறம் பனி, மழை, கழுவுகிற தண்ணீர் எல்லாம் பட்டு அங்கேயே துருப்பிடிக்கிறது. ஷாம்பூ மண்ணையும் எண்ணெய்ப் பிசுக்கையும் எடுக்கும், பதிந்த துருவை எடுக்காது. அது ஷாம்பூவின் குற்றம் இல்லை, அதற்கு அந்த வேலை தெரியாது.

அதனால் உங்கள் கேள்விக்கு நேர் பதில்: அந்த 650 ரூபாய் பாட்டில். கடைக்காரர்கள் அயர்ன் ரிமூவர் என்பார்கள். ஆசிட் இல்லை, பிஎச் ஏறக்குறைய நடுநிலை. அடித்தவுடன் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். இரண்டு நிமிடத்தில் இரும்பு இருக்கும் இடமெல்லாம் ஊதாவாகவோ சிவப்பாகவோ மாறி வழியும். முதல் தடவை பார்க்கிறவர்கள் ரிம்முக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதறுவார்கள். இரும்பு கரைந்து வருகிறது, அவ்வளவுதான். நாற்றம் மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும். பெயர் வேண்டுமென்றால் சோனாக்ஸ், கார்ப்ரோ இரண்டிலும் இந்த வகை உண்டு, இரண்டையும் நான் பயன்படுத்தியிருக்கிறேன். வேறு கம்பெனியிலும் வருகிறது. பெயரைவிட, ஆசிட் இல்லை என்று லேபிளில் தெளிவாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். என்ன இருக்கிறது என்றே எழுதாத 180 ரூபாய் பாட்டிலை நான் தொடமாட்டேன்.

எல்லாவற்றுக்கும் ஒரே கிளீனர் என்பது காரம் சேர்ந்தது. பாட்டிலில் போட்டிருக்கும் அளவுக்குத் தண்ணீர் கலந்தால் டயருக்கும் சக்கர வளைவுக்கும் நல்லது. அப்படியே ஊற்றி ரிம்மில் ஊற வைக்காதீர்கள். உங்கள் ஊர் லாரி ஊர். பாடி கழுவ காஸ்டிக் சோடா கலந்த தண்ணீர் சில இடங்களில் வைத்திருப்பார்கள், அது மட்டும் அலாய் பக்கம் வரவே கூடாது. அலுமினியத்துக்கு ஆசிட்டும் ஆகாது, கடுங்காரமும் ஆகாது. இரண்டுமே அரிக்கும்.

அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள், அவருக்கு உடனே புரியும்: புளி பித்தளைக்கும் செம்புக்கும் சரி. ஆனால் புளிக்குழம்பை அலுமினியப் பாத்திரத்தில் ராத்திரி முழுக்க வைப்பாரா? மாட்டார். அலாய் வீலும் அலுமினியம்தான். மேலே கிளியர் கோட் என்று ஒரு மெல்லிய போர்வை இருப்பதால் தப்பிக்கிறது. அது எங்கே கிழிந்ததோ அங்கே புளியும் உள்ளே போகும், அந்த வெள்ளைக் கேனும் உள்ளே போகும்.

அந்தக் கேன் பற்றி மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். இருபத்தைந்து வருடமாக டிங்கரிங், பெயின்டிங் வேலை செய்கிறேன். 2009 வரை என் பட்டறையிலும் அந்தக் கேன் இருந்தது. கழிவறைக்கு ஊற்றுகிற ஆசிட்டில் தண்ணீர் கலந்து ரிம்மில் பூசுவோம். கஸ்டமர் வாயைப் பிளப்பார், எங்களுக்கும் பெருமையாக இருக்கும். ஒருநாள் எங்களிடம் வேலை கற்க வந்த பையன் கையுறை இல்லாமல் தொட்டு, மூன்று விரலில் நகத்தடி வெந்து, இரண்டு வாரம் சோறு பிசைய முடியாமல் தவித்தான். அவன் அம்மா பட்டறைக்கு வந்து ஒரு வார்த்தை திட்டவில்லை, அவன் கையை மட்டும் என்னிடம் காட்டினார். அன்று சாயங்காலமே கேன் வெளியே போனது. இன்றுவரை உள்ளே வரவில்லை.

வெள்ளைத் திட்டு இரண்டு வகை. ஒன்று போகும், ஒன்று போகாது. நகத்தால் தடவுங்கள். மேலே மேடாக, சொரசொரப்பாகத் தட்டுப்பட்டால் அது போர் தண்ணீரின் உப்புக்கறை. நகத்துக்கு வழவழவென்று இருந்து, வெள்ளை அடியில் தெரிந்தால், அதுவும் புழு ஊர்ந்த தடம் போலக் கோடாக இருந்தால், கிளியர் கோட்டுக்கு அடியில் அலுமினியம் அரித்துவிட்டது. நான்கு ரிம்மையும் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

---

ஆய்வகத்து_அக்கா:

பட்டறை அண்ணா சொன்ன நிற மாற்றத்துக்குக் காரணம் சொல்கிறேன். திருச்சியில் கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் வேலை, இந்த விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது.

அயர்ன் ரிமூவரில் வேலை செய்வது தயோகிளைகோலேட் என்ற உப்பு. அழகு நிலையத்தில் முடியைச் சுருட்டப் பயன்படும் திரவத்திலும், முடி நீக்கும் கிரீமிலும் இதே குடும்பம்தான் இருக்கிறது. அதனால்தான் அந்தக் கந்தக நாற்றம். இது இரும்பு அயனியைப் பிடித்துத் தண்ணீரில் கரையும் ஊதா நிறச் சேர்மமாக மாற்றுகிறது. ஊதா வழிந்தால் உள்ளே இரும்பு இருந்தது என்று அர்த்தம். இரண்டாம் தடவை அடித்து நிறம் மாறவே இல்லையென்றால் அந்த இடத்தில் இரும்பு முடிந்துவிட்டது, மேலும் மேலும் அடித்துப் பாட்டிலை வீணாக்க வேண்டாம். மீதி தெரியும் கறை தாராகவோ உப்பாகவோ இருக்கும்.

இது பாதுகாப்பானது என்றாலும் சும்மா விளையாடுகிற பொருள் அல்ல. தோலில் அரிப்பு வரலாம், நைட்ரைல் கையுறை போடுங்கள், காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். வேறு எந்தக் கிளீனரோடும் ஒரே பாட்டிலிலோ ஒரே நேரத்தில் ரிம் மேலோ கலக்காதீர்கள்.

எனக்கு உண்மையில் கவலை அந்த வெள்ளைக் கேன் பற்றித்தான். கழிவறை ஆசிட் என்றால் ஹைட்ரோகுளோரிக். கொட்டியவுடன் எரியும், கையை இழுத்துக்கொள்வோம். ஆனால் ரிம் பளபளக்க வைக்கும் சில திரவங்களில் ஹைட்ரோஃப்ளூரிக் ஆசிட்டோ, அதைத் தரக்கூடிய அமோனியம் பைஃப்ளூரைடோ இருக்கும். அது வேறு ரகம். நீர்த்த கரைசல் பட்டால் முதலில் ஒன்றுமே தெரியாது. சில மணி நேரம் கழித்துத்தான் வலி ஆரம்பிக்கும். அதற்குள் ஃப்ளூரைடு தோலைத் தாண்டி உள்ளே போய் உடம்பின் கால்சியத்தோடு சேர்ந்துகொண்டிருக்கும். அதிகம் பட்டால் இதயத் துடிப்பையே பாதிக்கும். பட்டவுடன் ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு, வலி இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், என்ன பட்டது என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும். கால்சியம் குளுக்கோனேட் ஜெல் போடுவார்கள். வாட்டர் சர்வீஸில் வேலை செய்யும் பையன்கள் ரப்பர் செருப்போடு, வெறுங்கையோடு அதில் நிற்கிறார்கள். தயவு செய்து யாராவது அவர்களிடம் சொல்லுங்கள்.

கூடுதலாக ஒன்று. பிரேக் தூள் ரிம்மில் மட்டும் படிவதில்லை, நாம் மூச்சில் இழுக்கும் காற்றிலும் கலக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் ஏற்ற யூரோ 7 விதிகளில் புகைக்குழாய்ப் புகைக்கு மட்டுமல்ல, பிரேக் தூளுக்கும் முதல் தடவையாக வரம்பு வைத்திருக்கிறார்கள். அதனால் காய்ந்த தூளைத் துணியால் தட்டாதீர்கள், காற்று அடித்து ஊதாதீர்கள். முதலில் தண்ணீர்.

---

கொல்லிமலை_வாத்தியார்:

அண்ணா, அக்கா, இரண்டு பேருக்கும் நன்றி. பள்ளி முடிந்து வந்து டார்ச் அடித்துப் பார்த்தேன்.

முன் சக்கரங்கள் இரண்டும் ஒரே அளவு பழுப்புதான். இன்று மலை இறங்கியதும் இரண்டின் பக்கத்திலும் கையை நீட்டிப் பார்த்தேன், ஒரே சூடு. அந்தக் கவலை விட்டது.

வெள்ளைத் திட்டு: மூன்று ரிம்மில் நகத்துக்கு மேடாகத் தட்டுப்படுகிறது, உருண்டை உருண்டையான சொட்டு வடிவம். உப்புக்கறைதான் போலிருக்கிறது. எங்கள் போர் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் பாத்திரத்தின் அடியில் சுண்ணாம்பு படியும், அதனால் ஆச்சரியமில்லை. நான்காவது, இடது முன் ரிம்மில் ஒரு ஸ்போக்கின் ஓரத்தில் பழைய கல்லடி இருக்கிறது. அங்கிருந்து இரண்டு அங்குல நீளத்துக்கு நரம்பு மாதிரி மூன்று கோடுகள். நகத்துக்கு ஒன்றும் தெரியவில்லை, வழவழப்புதான். நீங்கள் சொன்ன புழுத்தடம் அப்படியே. பார்த்தபோது மனம் கொஞ்சம் கனத்துவிட்டது.

650 ரூபாய் பாட்டில் வாங்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கழுவப் போகிறேன். வீட்டில் இருப்பது ஒரு வாளி, ஒரு பழைய பனியன் துணி, பாத்திரம் தேய்க்கும் பச்சை நார். இது போதுமா? எந்த வரிசையில் செய்ய வேண்டும்?

---

பட்டறைக்காரர்_கோவை:

பச்சை நாரை அடுப்படியிலேயே விட்டுவிடுங்கள் சார். அதில் தேய்ப்பதும் உப்புத்தாளில் தேய்ப்பதும் ஒன்றுதான். ஸ்டீல் நாரும் வேண்டாம். மென்மையான முடி வைத்த பிரஷ் ஒன்று, நட்டுக் குழிக்குப் பழைய பல் பிரஷ், இரண்டு மைக்ரோஃபைபர் துணி. வாளி தனி, துணி தனி. ரிம்மைத் துடைத்த துணி பாடிக்குப் போகவே கூடாது, அதில் இருக்கும் இரும்புத் தூள் பெயின்டில் வட்டம் வட்டமாகக் கீறும்.

காலை வெயில் ஏறுமுன் நிழலில் நிறுத்துங்கள். மலையிலிருந்து வந்த சூட்டோடு தண்ணீர் அடிக்காதீர்கள். டிஸ்க்குக்கு நல்லதில்லை, திரவமும் நொடியில் காய்ந்து கறையாகிவிடும். ரிம்மைக் கையால் தொட்டால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். பாடிக்கு முன்னால் சக்கரம். இல்லையென்றால் கழுவி முடித்த கதவில் கருப்புத் தண்ணீர் தெறிக்கும்.

ஒரு நேரத்தில் ஒரு சக்கரம்தான். தண்ணீர் அடித்து மண்ணை இறக்குங்கள், ஷாம்பூ போட்டுக் கழுவி அலசுங்கள். இந்த இடத்தில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். மேலே மண் இருக்கும்போது அயர்ன் ரிமூவர் அடித்தால் அது அடியில் இருக்கும் இரும்பைத் தொடுவதே இல்லை. மண் போனபிறகு, தண்ணீர் சொட்டுவது நின்றதும் ரிமூவரை அடியுங்கள், ரிம்மின் உள்பக்க வளையத்துக்கும் சேர்த்து. மூன்று நான்கு நிமிடம். ஊதா வழியும். பிரஷால் லேசாகக் கிளறுங்கள், அழுத்த வேண்டாம். காயவே விடாமல் நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். முதல் தடவை என்பதால் முன் சக்கரங்களுக்கு இரண்டு சுற்று தேவைப்படும், அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். உள்பக்கம் தேய்க்கும்போது ஒட்டியிருக்கும் பேலன்ஸ் எடைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று விழுந்தால் 80இல் ஸ்டீயரிங் ஆடும்.

தார்ப் புள்ளி இருந்தால் தார் ரிமூவரைத் துணியில் தொட்டு அந்த இடத்தில் மட்டும் ஒற்றி எடுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றுகிறவர்கள் உண்டு, டயர் ரப்பருக்கு அது ஆகாது.

மூன்று ரிம்மின் உப்புக்கறைக்கு வெள்ளை வினிகரில் சமமாகத் தண்ணீர் கலந்து, துணியில் நனைத்து, திட்டின் மேல் ஒரு நிமிடம் வைத்து எடுங்கள். உடனே ஷாம்பூ தண்ணீரில் கழுவிவிடுங்கள். ஆசிட் ஆகாது என்று சொல்லிவிட்டு வினிகரைச் சொல்கிறேனே என்று நினைப்பீர்கள். கிளியர் கோட் முழுசாக இருக்கும் இடத்தில், ஒரு நிமிடம், நீர்த்த வினிகர் தாங்கும். அன்று ரிமூவர் போட்டது முழுக்க அலசிப் போனபிறகு, அல்லது வேறொரு நாளில் செய்யுங்கள். இடது முன் ரிம்மில் மட்டும் வேண்டவே வேண்டாம்.

அந்த ரிம் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். எந்தப் பாட்டிலும் அதைச் சரி செய்யாது. டைமண்ட் கட் முகப்பு என்பது லேத்தில் சீவிய வெறும் அலுமினியம், அதற்கு மேல் நிறமில்லாத லேக்கர் மட்டும். கல் பட்டு லேக்கர் உடைந்த இடத்தில் ஈரமும் ஆசிட்டும் புகுந்து அடியிலேயே ஊர்ந்திருக்கிறது. அது பரவிக்கொண்டே போகும், மெதுவாக. சரி செய்ய இரண்டு வழி. லேத்தில் மறுபடி சீவி லேக்கர் அடிக்கலாம். ஒவ்வொரு சீவலிலும் உலோகம் குறைவதால் திரும்பத் திரும்பச் செய்ய முடியாது. அல்லது முழு ரிம்மையும் உரித்து ஒரே நிற பெயின்ட் அடிக்கலாம். மலை ரோட்டில் ஓடுகிற வண்டிக்கு நான் இரண்டாவதைச் சொல்வேன், கல்லடியை அது நன்றாகத் தாங்கும். அவசரம் இல்லை. அடுத்த முறை டயர் மாற்றக் கழற்றும்போது சேர்த்துச் செய்தால் டயர் கழற்றி மாட்டும் கூலி மிச்சம்.

கடைசியாக மெழுகு. கழுவிக் காய்ந்த ரிம்மில் வீல் வேக்ஸோ சீலன்டோ மெல்லிசாகப் பூசித் துடையுங்கள். அடுத்த தடவை தூள் பாதி தண்ணீரிலேயே இறங்கிவிடும். டிஸ்க்கில் ஒரு சொட்டுகூடப் படக் கூடாது. துணியில் எடுத்துப் பூசுங்கள், ஸ்பிரே வேண்டாம். எல்லாம் முடிந்ததும் தெருவில் ஒரு சுற்று மெதுவாகப் போய் நாலைந்து தடவை பிரேக் பிடித்து டிஸ்க்கைக் காய வைத்துவிட்டு நிறுத்துங்கள்.

இன்னொன்று, பாட்டிலில் கிடைக்காதது: ஏறின கியரிலேயே இறங்குங்கள். மூன்றாம் கியரில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவதற்குப் பதில் இரண்டில் இன்ஜின் பிடித்துக்கொள்ளட்டும். தூள் குறையும், பேட் கூடுதல் நாள் வரும், பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகிற ஆபத்தும் குறையும்.

---

கடலோர_ஓட்டி:

சென்னை திருவான்மியூரில் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. எனக்கு மலையும் இல்லை, ஊதா நிறமும் அதிகம் பார்த்ததில்லை. எங்கள் எதிரி உப்புக் காற்று. என் வண்டியில் சாதா ஸ்டீல் ரிம், மேலே பிளாஸ்டிக் மூடி. மூடிதானே என்று மூன்று வருடம் அதைக் கழற்றவே இல்லை. ஒருநாள் பஞ்சர் போடக் கழற்றினால் அடியில் கடல் மணலும் ஈரமும் தங்கி, நட்டுகள் துருவேறி, கழற்ற இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். ஸ்டீல் ரிம்காரர்களுக்கு என் வேண்டுகோள்: மாதம் ஒருமுறை மூடியைக் கழற்றி நல்ல தண்ணீரில் அலசுங்கள். பெயின்ட் உரிந்த ஸ்டீலில் அயர்ன் ரிமூவர் அடித்துப் பிரயோசனம் இல்லை, ரிம்மே இரும்பு என்பதால் நிறம் வந்துகொண்டேதான் இருக்கும். துருவைத் தேய்த்து எடுத்து, பிரைமர் போட்டுப் பெயின்ட் அடிப்பதுதான் வழி.

பட்டறை அண்ணா சொன்னதில் ஒன்றை மட்டும் கொஞ்சம் மாற்றிச் சொல்வேன். தட்டையான ரோட்டில் ஓட்டுகிறவர்கள் வாராவாரம் வெறும் ஷாம்பூவில் கழுவினால் ரிமூவர் பாட்டிலே தேவைப்படாது. தம்பியின் அலாயை அப்படித்தான் ஐந்து வருடமாக வைத்திருக்கிறோம். தூள் பதிய நேரம் கொடுக்காமல் இருந்தாலே போதும்.

டயர் பாலிஷ் பற்றி யாரும் சொல்லவில்லை. தண்ணீர் சார்ந்த, பால் மாதிரி இருப்பதை வாங்குங்கள். எண்ணெய்ப் பிசுக்காகப் பளபளப்பது ஓடும்போது கதவில் தெறித்து, மண்ணையும் இழுத்து ஒட்டிக்கொள்ளும். பக்கச் சுவரில் மட்டும்தான் பூச வேண்டும், ரோட்டில் படும் இடத்தில் பட்டால் வழுக்கும். கொண்டை ஊசி வளைவில் ஓட்டுகிற சாருக்கு இதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

---

பட்டறைக்காரர்_கோவை:

தம்பி சொன்னது சரி. வாராவாரம் கழுவுகிறவருக்கு ஷாம்பூ போதும். வாத்தியார் சாருக்கு அந்தச் சூடும் அந்தத் தூளும் வேறு அளவு, அதனால்தான் ரிமூவர் சொன்னேன்.

---

கொல்லிமலை_வாத்தியார்:

ஞாயிற்றுக்கிழமை வேலை முடிந்தது, சொல்லிவிடுகிறேன்.

காலை ஆறரைக்கு வேப்பமர நிழலில் நிறுத்தி ஆரம்பித்தேன். முதலில் வலது முன் சக்கரம். அடித்து ஒரு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை, ஏமாந்துவிட்டோமோ என்று நினைத்தேன். அப்புறம் ஒவ்வொரு ஆரஞ்சுப் புள்ளியிலிருந்தும் ஊதாக் கோடு இறங்க ஆரம்பித்தது. மகள் ஏழாம் வகுப்பு, பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தாள். ஆய்வகத்து அக்கா எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். அம்மாவும் எட்டிப் பார்த்துவிட்டு, "முட்டை அழுகின மாதிரி நாறுதே" என்று உள்ளே போய்விட்டார். புளிக்குழம்பு உதாரணம் அவருக்கு உடனே புரிந்தது அண்ணா. "அப்போ அது அலுமினியமா, நான் எவர்சில்வர்னு நெனச்சேன்" என்றார்.

முன் சக்கரங்களுக்கு இரண்டு சுற்று, பின் சக்கரங்களுக்கு ஒன்று. பாட்டிலில் பாதி தீர்ந்தது. நட்டுக் குழிகள் தவிர மற்ற இடமெல்லாம் விரலுக்குக் கண்ணாடி மாதிரி வழுக்குகிறது. உப்புக்கறைக்கு சாயங்காலம் வினிகர் வைத்தேன். இரண்டு ரிம்மில் முழுக்கப் போய்விட்டது, மூன்றாவதில் லேசாக வட்டம் தெரிகிறது. இனி அலசிய கையோடு துணியால் துடைத்துவிடப் போகிறேன், தானாகக் காய விடமாட்டேன். இடது முன் ரிம்மை அப்படியே விட்டிருக்கிறேன். டயர் இன்னும் எட்டாயிரம் கிலோமீட்டராவது வரும். அப்போது நான்கையும் சேர்த்து அடர்சாம்பல் நிறத்தில் பெயின்ட் அடிப்பதாக முடிவு.

திங்கட்கிழமை போகிற வழியில் அந்த வாட்டர் சர்வீஸில் நிறுத்தினேன். முதலாளி இல்லை. அந்தப் பையன் இருந்தான், என்னை அடையாளம் தெரிந்துகொண்டான். எங்கள் பக்கத்துப் பள்ளியில் ஒன்பதாவதோடு நின்றவன் என்று பேச்சில் தெரிந்தது. கேனில் என்ன இருக்கிறது என்று கேட்டேன், தெரியாது, முதலாளி கலந்து வைப்பார் என்றான். கையை நீட்டச் சொன்னேன். வலது கை விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருந்தது. நான் வாங்கிய நைட்ரைல் கையுறைப் பெட்டியில் மீதியிருந்ததைக் கொடுத்தேன். ஆய்வகத்து அக்கா சொன்ன மாதிரி, எரியாவிட்டாலும் உடனே தண்ணீரில் கழுவி ஆஸ்பத்திரி போக வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னேன், அவனையும் திருப்பிச் சொல்ல வைத்தேன். வியாழக்கிழமை முதலாளி இருப்பாராம். ஷாம்பூவும் ரிமூவரும் வைத்து ஒரு காருக்கு எவ்வளவு செலவாகும் என்று எழுதி எடுத்துப் போகலாம் என்றிருக்கிறேன். பட்டறை அண்ணா, மொத்தமாக வாங்கினால் ஐந்து லிட்டர் கேன் கிடைக்குமா? ஒரு சக்கரத்துக்கு உங்களுக்கு எத்தனை மில்லி ஆகிறது?

---

பட்டறைக்காரர்_கோவை:

கிடைக்கும் சார், ஐந்து லிட்டர் கேனாக வாங்கினால் லிட்டர் விலை நன்றாகக் குறையும். முதல் கழுவலுக்கு ஒரு சக்கரத்துக்கு 40லிருந்து 50 மில்லி, பழகிய ரிம் என்றால் 25 போதும். அவரிடம் பேசும்போது என்னையும் போனில் கூப்பிடுங்கள். ஆசிட்டை விட்ட பிறகு எனக்கு ஒரு கஸ்டமரும் குறையவில்லை என்று நானே சொல்கிறேன்.